மூன்றாம் பெஞ்சின் நடு இடம்

பள்ளியில் அவளைக் கம்ப்யூட்டர் டீச்சர் என்று கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். ஆபீஸ் அறையில் துணி போர்த்தி வைத்திருக்கும் அந்த ஒற்றைக் கம்ப்யூட்டரைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. இரண்டாம் வகுப்பின் நாற்பத்து மூன்று பிள்ளைகளைப் பற்றிய சகலமும் அவள் தலைக்குள் இருந்தது. கேட்ட மாத்திரத்தில் வந்து விழும். அதனால் வந்த பட்டம் அது.

யாருக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, எந்தப் பிள்ளையை அப்பா வந்து கேட்டாலும் அனுப்பக் கூடாது, யாருக்கு முன்பல் ஆடுகிறது, எந்தப் பிள்ளை பாத்ரூம் போக வேண்டும் என்று சொல்ல வெட்கப்பட்டுக் காலைப் பின்னிக்கொள்ளும், யார் வீட்டில் நாய்க்குட்டி செத்துப்போனது, யாரிடம் அதைப் பற்றிக் கேட்கவே கூடாது என்று எல்லாம் தெரியும். பத்தொன்பது வருட சர்வீஸ். பழைய பிள்ளைகள் மீசை வைத்துக்கொண்டு எதிரே வந்தாலும், "உனக்குப் பால் குடிச்சா வயித்த வலிக்குமே, இப்ப எப்படி இருக்கு?" என்று நடுத்தெருவில் கேட்டு மானத்தை வாங்குவாள்.

பெருமையாகத்தான் இருந்தது அவளுக்கு. ஆனால் ஒரு தலை எவ்வளவுதான் தாங்கும்? பாடம் நடத்துவது அவளுடைய வேலையில் சின்னப் பங்கு. காலை பத்தேகாலுக்குள் வருகைப் பதிவைப் போனில் ஏற்றியாக வேண்டும். வராத பிள்ளை ஏன் வரவில்லை என்று காரணம் போட வேண்டும். உயரம், எடை, கண் பார்வை, கால் அளவு, வாசிப்பில் எந்தப் படி, கணக்கில் எந்தப் படி என்று மேலிடத்திலிருந்து வாரம் ஒரு படிவம் வரும். கேட்கிறவர்களுக்கு அது ஒரு வரி. எழுதுகிறவளுக்கு நாற்பத்து மூன்று வரி. இதில், போன மாதம் கேட்டதையே இந்த மாதம் வேறு கட்டம் போட்டுக் கேட்பார்கள். அந்தக் கட்டம் போட்ட புண்ணியவானை ஒரே ஒரு நாள் தன் வகுப்பில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாளாக ஆசை.

வீட்டுக்குப் போனாலும் வகுப்பு கூடவே வரும். கணவர் தபால் அலுவலகத்தில் கவுண்ட்டரில் இருப்பவர். கவுண்ட்டரை மூடினால் அவர் வேலை மூடிவிடும். "ஷட்டரை இறக்கிட்டு வாயேன்," என்பார். அவளுடைய தலைக்கு ஷட்டர் கிடையாது. வெளியூரில் காலேஜ் படிக்கும் மகள் போன் செய்தால், பேச்சுவாக்கில், "டிபன் பாக்ஸ மறக்காம எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டுவிடுவாள். மகள் சிரிப்பாள். இவளுக்குச் சிரிப்பு வராது. யாரோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்று போனில் பெயரை ஒரு தடவை பார்த்துக்கொள்வாள்.

ஆரம்பப் பள்ளி டீச்சர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் அது இருக்காது. ஒவ்வொரு வகுப்பிலும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவே கூடாத இரண்டு பேர் இருப்பார்கள். அவர்களை வகுப்பின் இரண்டு மூலைக்கு அனுப்பினால் சத்தம் வகுப்பு முழுக்கப் பரவும். அதனால் இருவரையும் ஒரே பெஞ்சில் போட்டு, நடுவில் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத ஒரு பிள்ளையை உட்காரவைப்பார்கள். அந்தப் பிள்ளைக்குச் சுவர் என்று பெயர். வருடத் தொடக்கத்தில் ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போது, "உன் கிளாஸ்ல சுவருக்கு ஆள் இருக்கா?" என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வார்கள். நல்ல சுவர் அமைவது ஒரு கொடுப்பினை.

அந்த வருடம் அவளுக்கு அமைந்த சுவர் ஏழு வயதுப் பெண். குனிந்த தலை நிமிராமல் எழுதும். கேட்டால்தான் பேசும், அதுவும் இரண்டு தடவை கேட்டால். முதல் வாரத்திலேயே அவளை மூன்றாம் பெஞ்சின் நடுவில் உட்காரவைத்தாள். ஒரு பக்கம் பம்பரம். ஓரிடத்தில் நிற்க மாட்டான். இன்னொரு பக்கம் ரேடியோ. வாயை மூட மாட்டான். இரண்டும் டீச்சர் வைத்த பெயர்கள்தான். நடுவில் இருந்த பெண்ணுக்கும் ஒரு பெயர் வைத்தாள். தங்கம்.

இரண்டாம் வாரம் ஒரு நாள் காலையில் நல்ல மழை. கேட்டில் குடைகளும் பிள்ளைகளுமாக ஒரே நெரிசல். ஆளுக்கொரு விஷயம் சொன்னார்கள். ஒருத்தனுக்கு மதியம் மாத்திரை கொடுக்க வேண்டும். ஒருத்தியை இன்றைக்குச் சித்தி வந்து கூட்டிப்போவாள். ஒருத்தனுக்குக் கையில் தையல் போட்டிருக்கிறது, விளையாட விடக் கூடாது. கூட்டம் குறையும்வரை காத்திருந்து தங்கத்தின் அம்மா கடைசியாக வந்தாள். துணி வெளுத்து இஸ்திரி போடும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறவள்.

"டீச்சர், பாப்பாவுக்குக் காது அடிக்கடி வலிக்குது. சீழ் வந்துச்சு, மருந்து ஊத்தினேன். சரியா கேக்கலைங்கிறா. கொஞ்சம் முன்னாடி உக்கார வைங்க டீச்சர். அங்கயும் கேக்கலைன்னா சொல்லுங்க, லீவு போட்டுட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"இன்னைக்கே மாத்திடறேம்மா. நீங்க கவலைப்படாதீங்க," என்றாள் டீச்சர். சும்மா சொல்லவில்லை, மனதாரச் சொன்னாள்.

அவசர விஷயங்களை இடது புறங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வது அவள் வழக்கம். நோட்டில் எழுதினால் நோட்டைத் தேட வேண்டும். கை எங்கே போய்விடும்? அன்று காலை கையில் ஒன்பது குறிப்புகள் இருந்தன. ஒன்பதாவது, காது, முன்னால்.

முதல் பாடவேளையில் பம்பரம் வாந்தி எடுத்தான். அவன் சட்டையைத் துடைத்து, பெஞ்சைத் துடைத்து, தரையைத் துடைத்து, கடைசியில் குழாயடியில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். கழுவி முடித்த பிறகுதான் கையைப் பார்த்தாள். மை நீலமாகக் கலங்கி ஓடியது. அதனால் என்ன, அவள்தான் கம்ப்யூட்டர் ஆயிற்றே. அங்கேயே நின்றபடி பேனாவை எடுத்து ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதினாள். எட்டு வந்துவிட்டது. இன்னும் ஒன்று இருந்ததே என்று மண்டையைக் குடைந்தது. விரல் விட்டு எண்ணினாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டை, குடைகளை, ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்க்க ஆரம்பித்தபோது ஆபீஸிலிருந்து ஆள் வந்து, கால் அளவுப் பட்டியல் பத்து மணிக்கே போயிருக்க வேண்டும் என்று நின்றது. அதோடு போயிற்று.

அதற்குப் பிறகு எட்டு மாதம் தங்கம் மூன்றாம் பெஞ்சின் நடுவிலேயே இருந்தாள். பம்பரத்துக்கும் ரேடியோவுக்கும் நடுவே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். சொல்வதை எழுதும்போது மட்டும் பக்கத்து நோட்டை எட்டிப் பார்ப்பாள். "காப்பி அடிக்கக் கூடாது தங்கம்," என்று டீச்சர் இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை எல்லார் முன்னாலும் எழுப்பி நிற்கவைத்தாள். அரைப் பரீட்சை ரிப்போர்ட்டில், நாற்பத்து மூன்று பேருக்கும் தனித்தனியாக எழுத வேண்டிய கட்டத்தில், தங்கத்துக்கு நேரே ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் எழுதினாள்: அமைதியானவள், ஒழுக்கமானவள், தொந்தரவு தராதவள். போன வருட டீச்சரும் கிட்டத்தட்ட அதையேதான் எழுதியிருந்தாள்.

ஒன்பதாம் மாதம் உடல் பரிசோதனைக்கு நர்ஸ் வந்தாள். பிள்ளைகளைத் திரும்பி நிற்கச் சொல்லி, பின்னாலிருந்து மெதுவாக ஒரு சொல் சொல்வாள்; பிள்ளை அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பூனை, பந்து, வீடு. தங்கம் திரும்பி நின்றாள். நர்ஸ் சொன்னாள். தங்கம் நின்றாள். நர்ஸ் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். தங்கம் சுவரில் மாட்டியிருந்த வாய்ப்பாட்டைப் பார்த்துக்கொண்டு, இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று பொறுமையாக நின்றாள்.

வரிசையில் நின்ற ரேடியோ சொன்னான்: "அவளுக்குக் கேக்காது சிஸ்டர். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது நான்தான் இடிப்பேன். இடிச்சா உள்ளேன்னு சொல்லிடுவா."

நர்ஸ் டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். "எத்தனை நாளா இப்படி?"

அந்தக் கேள்விக்கு டீச்சரின் தலை பதில் தேடிப் போனது. மழை வந்தது. குடை வந்தது. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண்ணின் கை வந்தது. ஒன்பதாவது குறிப்பு, எட்டு மாதம் கழித்து, எழுத்துப் பிசகாமல் அப்படியே வந்து நின்றது.  நர்ஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதி, அம்மாவிடம் கொடுக்கச் சொல்லித் தங்கத்திடம் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்துத் தங்கத்தின் அம்மா டாக்டர் சீட்டோடு தலைமையாசிரியை அறைக்கு வந்தாள். சீழ் உள்ளேயே இருந்து எலும்பை அரித்துவிட்டதாம். ஆபரேஷன் செய்வார்களாம், ஆனால் அது மேலும் பரவாமல் இருக்கத்தானாம். இடது காது இனி வராது. வலது காதுக்கு மெஷின் வைத்தால் பாதிக்கு மேல் கேட்கும். வருட ஆரம்பத்திலேயே வந்திருந்தால் மருந்திலேயே சரியாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். இதையெல்லாம் அவள் அழாமல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி வரிசையாகச் சொன்னாள். பிறகு, அங்கே நின்றிருந்த டீச்சரின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க மட்டும் அப்பவே முன்னாடி உக்கார வெக்கலைன்னா படிப்பும் போயிருக்கும் டீச்சர். நான் தினமும் கேப்பேன், முன்னாடிதான உக்காந்திருக்க, கேக்குதான்னு. ஆமாம்மா, முன்னாடிதான், நல்லா கேக்குதும்பா. கேக்குதுங்கிறாளே, டீச்சரும் ஒண்ணும் சொல்லலையேன்னு நானும் ஆஸ்பத்திரிக்குப் போகாம விட்டுட்டேன். என் தப்புதான்."

டீச்சருக்கு வாய்வரை வந்தது. இல்லை, நான் மாற்றவில்லை, உன் பெண் எட்டு மாதமும் மூன்றாம் பெஞ்சில்தான் இருந்தாள் என்று நாக்கு நுனியில் நின்றது. டீச்சர் சொல்லி விஷயத்தை முன்பே தெரிந்துவைத்திருந்த தலைமையாசிரியை, மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து கண்ணாலேயே ஒரு அதட்டல் போட்டாள். வாய் மூடிக்கொண்டது. அதட்டலால்தான் மூடிக்கொண்டது என்று டீச்சர் பிறகு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். உண்மை அதுவல்ல என்றும் அவளுக்குத் தெரியும். நன்றியோடு பார்த்த அந்த முகம் மாறுவதைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

அந்த அம்மா போன பிறகு தலைமையாசிரியை சொன்னாள்: "மனுஷங்கதானே, மறந்துட்டீங்க. ஆனா இதை வெளியில சொன்னா உங்களோட போகாது, ஸ்கூலையே இழுத்து விட்டுடுவாங்க. அந்தப் பொண்ணை முதல் பெஞ்சுல உக்கார வைங்க, நல்லா பாத்துக்குங்க. அதுதான் இப்ப நாம செய்ய முடிஞ்சது."

மறுநாள் காலை டீயை ஆற்றிக்கொண்டே கணவரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்.

"சொன்னா காது திரும்பி வந்துடுமா?"

"வராது."

"அப்புறம்?"

 அவர் கெட்ட மனிதர் இல்லை. டம்ளரை வைத்துவிட்டு, அவள் தோளில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

தங்கம் முதல் பெஞ்சுக்கு வந்தாள். வலது காது டீச்சர் பக்கம் இருக்கிற மாதிரி உட்காரவைத்தாள். முகத்துக்கு நேராக நின்று, உதடு தெரியப் பேசினாள். சொல்வதை எழுதியதில் அந்த வாரம் தங்கம் பத்துக்கு ஒன்பது வாங்கினாள். நோட்டைத் திருத்தும்போது டீச்சரின் கண்ணை நீர் மறைத்தது. பத்துக்கு ஒன்பது எடுக்கிற பிள்ளையைத்தான் எல்லார் முன்னாலும் எழுப்பி நிற்கவைத்திருக்கிறாள்.

ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. வீட்டில் அந்தப் பெண் ஏன் அப்படிச் சொன்னாள்? விளையாட்டுப் பாடவேளையில் மற்றவர்கள் வெளியே ஓடிய பிறகு, தங்கத்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேட்டாள்.

"முன்னாடி உக்காந்திருக்கேன்னு அம்மாகிட்ட ஏம்மா சொன்ன?"

தங்கம் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி புரியச் சற்று நேரமாயிற்று. பிறகு, தன் குரலின் அளவு தனக்கே தெரியாத பிள்ளைகள் பேசுகிற மாதிரி, கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

"இல்லைன்னு சொன்னா அம்மா உங்ககிட்ட வந்து கேப்பாங்க."

"கேட்டா என்ன?"

"நான் ஒரு தடவை உங்ககிட்ட வந்து கேட்டேன் டீச்சர். முன்னாடி போகட்டுமான்னு. நீங்க தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. இப்ப எதுவும் சொல்லாதம்மா, என்னால முடியலன்னு சொன்னீங்க."

டீச்சர் தலைக்குள் தேடினாள். எந்த நாள், எந்த நேரம், ஒன்றும் அகப்படவில்லை. அந்த வார்த்தையை அவள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறாள்.

"அப்புறம் வந்து கேட்டிருக்கலாமேம்மா."

"கேக்கலாம்னுதான் இருந்தேன் டீச்சர். ஆனா நீங்க தினமும் முடியாமதான் இருந்தீங்க."

இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இன்றைக்கு மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கரும்பலகையைத் துடைக்க எழுந்தாள். அதில் துடைக்க ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. மேலிடமோ, தலைமையாசிரியையோ, இத்தனை வருடத்தில் ஒருவர்கூட அவளைப் பார்த்து, உன்னால் முடியவில்லையே என்று கண்டுகொண்டதில்லை. கண்டுகொண்டது இந்த ஏழு வயதுப் பிள்ளைதான். கண்டுகொண்டு, டீச்சருக்கு ஒரு வேலையாவது குறையட்டும் என்று தன் காதைப் பற்றி வாய் திறக்காமல் இருந்திருக்கிறது. அன்று அவள் அழுதாள். கரும்பலகையைப் பார்த்தபடி, சத்தமில்லாமல் அழுதாள். பிறகு, சத்தம் போட்டு அழுதாலும் தங்கத்துக்குக் கேட்டிருக்காது என்ற நினைப்பு வந்தது. அதற்குப் பிறகு அழவும் முடியவில்லை.

அன்று மாலை மணி அடித்ததும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இஸ்திரிக் கம்பெனிக்குப் போனாள். நீளமான கூடம். இரண்டு பக்கமும் மேஜைகள், ஒவ்வொரு மேஜைக்கும் மேலே தொங்கும் வயர், வெள்ளையாக எழும் ஆவி. தங்கத்தின் அம்மா கடைசி மேஜையில் நின்று ஆஸ்பத்திரிக் கோட்டுகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் பதறிப்போய்ப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"பாப்பாவுக்கு என்னாச்சு டீச்சர்?"

"பாப்பா நல்லா இருக்கா. நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

நின்றபடியே சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. மழை பெய்த நாள், கையில் எழுதியது, கழுவியது, எட்டு நினைவு வந்தது, ஒன்று வராமல் போனது, மூன்றாம் பெஞ்சில் எதற்காக உட்காரவைத்தாள் என்பது, தங்கம் வந்து கேட்டது, தான் சொன்ன பதில் எல்லாவற்றையும் சொன்னாள். வழியெல்லாம் யோசித்துவைத்திருந்த மன்னிப்பை அதற்குப் பிறகு சொல்வதாக இருந்தாள்.

தங்கத்தின் அம்மா கோட்டின் காலரை விரலால் நீவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள், அழுவாள், ஊரைக் கூட்டுவாள் என்று எதற்கும் தயாராகத்தான் டீச்சர் வந்திருந்தாள். அவள் எதுவும் செய்யவில்லை. காலரை மறுமுனைவரை நீவி முடித்துவிட்டுப் பேசினாள்.

"காலையில அவளை கேட்டுல விட்டுட்டு இங்க நடந்து வருவேன் டீச்சர். அந்தக் கால் மணி நேரத்துல எல்லாம் மண்டையில ஓடும். வீட்டுல தண்ணி பிடிச்சு வெச்சேனா, அடுப்ப அணைச்சேனா, மாமியாருக்கு மாத்திரை இருக்கா, அவ அப்பா இந்த மாசம் போன் பண்ணுவாரா, இன்னைக்கு ஷிப்ட் நீட்டிடுவாங்களான்னு ஓடிக்கிட்டே இருக்கும். ஒண்ணே ஒண்ணு மட்டும் ஓடாது. பாப்பா காது." மேலே தொங்கிய வயரை ஓரமாகத் தள்ளிவிட்டாள். "அத டீச்சர் பாத்துப்பாங்கன்னு உங்ககிட்ட குடுத்துட்டேன்ல. அந்த ஒண்ணுதான் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அந்த ஒண்ணையாவது நானே வெச்சிட்டிருந்திருக்கணும்."

டீச்சர் கொண்டுவந்திருந்த மன்னிப்பு வாயைவிட்டு வரவில்லை. வந்திருந்தாலும் அதை வைக்க அங்கே இடம் இல்லை. சூப்பர்வைசர் தூரத்திலிருந்து, அங்கே என்ன பேச்சு என்று கேட்டான்.

"பொண்ணோட டீச்சர் வந்திருக்காங்க," என்று சொல்லிவிட்டு, அவள் முடித்த கோட்டை மடித்து அடுக்கில் வைத்தாள். அடுத்ததை எடுத்து விரித்தாள்.